சலிப்பும் சிறு களிப்பும்

மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் என்று ஆறையும் அடுக்கிவிட்டு, ஏழாவதாகச் சோம்பல் என்று வரும்போது குரல் தானாகவே இறங்கிவிடும். வளர்ந்த பிறகும் அந்த ஏழாவது பாவத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஆன்ம சோதனை செய்யும்போது மற்ற ஆறில் ஒன்றிரண்டு தப்பாமல் அகப்படும். சோம்பல் மட்டும் அகப்படாது. விடியுமுன் எழுந்து, கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலைப் பிடித்து, இருபத்தேழு ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவனிடம் சோம்பலுக்கு ஏது இடம் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு தவறு என்று எனக்கு உணர்த்தியது, ஒரு மேசைமீது சுண்ணக்கட்டியால் வரையப்பட்டிருந்த ஆடுபுலி ஆட்டக் கட்டம். நானே என் கையால் அழித்த கட்டம் அது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு கட்டமும் ஒரு கேள்வியும்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் உள்ளது கும்மிடிப்பூண்டி. 1997-ஆம் ஆண்டுவரை செங்கற்பட்டு மாவட்டப் பகுதியாக இருந்து, பின் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாடு அரசு 1971-ஆம் ஆண்டில் தோற்றுவித்த சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகம் இங்கே அமைந்தபின், நெல் விளைந்த பூமியில் இரும்பு உருக்கும் உலைகளும் வார்ப்படச் சாலைகளும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் எழுந்தன. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறும் மனிதர்களைச் சுமந்துகொண்டு காலை வண்டி வடக்கே போகும். இலங்கையிலிருந்து வந்தோர்க்கான முகாமும் இவ்வூரில் இருப்பதால், வண்ணம் பூசும் தூரிகைகளோடு வேலைக்குப் புறப்படும் ஈழத்துச் சகோதரர்களையும் காலை வேளையில் காணலாம். பின்னாளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் பெட்டியில் நால்வர் முழங்காலோடு முழங்கால் முட்ட அமர்ந்து, நடுவில் ஒரு துண்டை விரித்துச் சீட்டாடுவது வழக்கம். பணம் வைத்து ஆடுவதில்லை. தோற்றவர் இறங்கியவுடன் மற்றவர்க்குத் தேநீர் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. நானும் பலமுறை ஆடியிருக்கிறேன். பலமுறை தேநீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். ஆனால் தொழிற்சாலை வாயிலைக் கடந்ததும் எங்கள் முகங்கள் மாறிவிடும். உள்ளே நான் மேற்பார்வையாளன்.

1998-ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் இரவு ஷிப்டு. நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். வாகனங்களுக்குச் செல்லும் சிறு இரும்புப் பாகங்களை அளவுகோலில் பொருத்திப் பார்த்துத் தரம் பிரிக்கும் மேசைகள் ஒரு பக்கம் இருந்தன. கையில் எடுப்பது, அளவில் பொருத்துவது, சரியென்றால் வலப்பக்கப் பெட்டி, தவறென்றால் இடப்பக்கப் பெட்டி. வேலை இவ்வளவுதான். ஒரு பெட்டி நிறைந்தால் அடுத்த பெட்டி. எட்டு மணி நேரமும் இதே.

அங்கே ஒப்பந்தக்காரர் மூலம் வந்திருந்த ஓர் இளைஞன், மேசையின் ஓரத்தில் ஆடுபுலிக் கட்டம் வரைந்திருந்தான். ஆடுகளுக்கு வாஷர்கள், புலிகளுக்கு மூன்று நட்டுகள். எதிர் மேசைக்காரன் புலி, இவன் ஆடு. ஒரு பெட்டி முடிந்தால் ஒரு நகர்த்தல் என்பது அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதி. ஆகவே ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய ஓர் இரவு ஆகும். வேலையை விட்டுவிட்டு அவர்கள் ஆடவில்லை. வேலை நகர்ந்தால்தான் ஆட்டமும் நகரும்.

இதையெல்லாம் நான் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். அப்போது என் கண்ணில் பட்டது கட்டம் மட்டுமே. "வேலை நேரத்தில் விளையாட்டா?" என்று அதட்டினேன். அவன் எழுந்து நின்று, பணிவாகத்தான் கேட்டான்: "ஒரு பெட்டியாச்சும் கொறஞ்சிருக்கா சார்?"

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாத கேள்வி மேற்பார்வையாளனைச் சினமூட்டும். எண்ணெய்த் துணியை எடுத்துக் கட்டத்தை அழித்தேன். விடிந்ததும் ஒப்பந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். நிரந்தரத் தொழிலாளி என்றால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தரவேண்டும்; ஒப்பந்தக்காரன் ஆளுக்கு ஒரு வார்த்தை போதும். மறுநாள் அவன் வரவில்லை. அன்று மாலை பதிவேட்டைப் புரட்டினேன். அவன் கணக்கில் ஒரு பெட்டியும் குறையவில்லை.

நண்பகல் பேய்

அந்நிகழ்ச்சியைக் கடமையைச் செய்ததாகவே பல ஆண்டுகள் எண்ணி வந்தேன். ஓய்வு பெற்றபின் ஒரு தவக்காலத் தியானத்தில் குருவானவர் தலையான பாவங்களை விளக்கியபோதுதான் என் நிம்மதி குலைந்தது. நாம் சோம்பல் என்று சொல்வதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'அக்கேதியா'. அக்கறையின்மை என்பது அதன் வேர்ப்பொருள். உடலின் மந்தத்தை மட்டும் அது குறிப்பதில்லை. கண்முன் இருக்கும் நன்மையின்மீது மனம் வெறுத்துப்போகும் நிலை அது. ஓடியாடி உழைப்பவனையும் அது பிடிக்கும்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவம் செய்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, மனத்தைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பற்றி எழுதினார். அவற்றுள் மிகவும் கொடியது இந்த அக்கேதியா என்பது அவர் கருத்து. அதற்கு நண்பகல் பேய் என்றும் பெயர். அவர் தரும் வருணனை எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். சூரியன் நகராமல் நிற்பதாகத் தோன்றும். ஒரு பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதாகத் தோன்றும். துறவி அடிக்கடி வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வானத்தைப் பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். இருக்கும் இடம் கசக்கும், கைவேலை கசக்கும், உடனிருப்போர்க்கு அன்பு இல்லை என்று தோன்றும். வேறோர் இடத்தில் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வளரும்.

இதைக் கேட்டபோது அந்த இரவு என் கண்முன் வந்தது. இரண்டு மணிக்கு நான் ஏன் அந்த மேசைப் பக்கம் போனேன்? மேற்பார்வைக்காக என்று இதுவரை சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அறையில் உட்கார முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பத்து முறை பார்த்தாகிவிட்டது. பதிவேட்டில் ஒரே வரியை மூன்று முறை படித்தாகிவிட்டது. யாரையாவது எதற்காகவாவது கேட்க வேண்டும் போலிருந்தது. அந்த இரவில் சலிப்பின் பிடியில் இருந்தவன் நான். அவன் சலிப்போடு ஒரு சமாதானம் செய்துகொண்டு, அதைத் தன் ஆட்டத்துக்குள் கட்டிப்போட்டிருந்தான். தோற்றவன் வென்றவனைத் தண்டித்தான் என்பதே நடந்த கதை.

வேலைக்குள் விளையாட்டு

உழைப்பு வேறு, களிப்பு வேறு என்று பிரித்துப் பார்ப்பது ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய காலத்துப் பழக்கம். நம் முன்னோர் அப்படிப் பிரிக்கவில்லை. ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனைச் சால் நீர் பாய்ந்தது என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கே ஏற்றப்பாட்டு ஆயிற்று. எண்ணைச் சொல்லி, அதையொட்டி ஓரடி பாடுவார்கள். கணக்கு தவறாது, களைப்பும் தெரியாது. கம்பர் ஒருமுறை ஏற்றப்பாட்டைக் கேட்டு நின்றார் என்றும், பொழுது சாய்ந்ததால் பாடியவர் பாதியில் நிறுத்திவிட்டுப் போக, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தும் பிடிபடாமல், விடியற்காலையில் மீண்டும் வந்து கேட்டார் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. கவிச்சக்கரவர்த்தியை ஓர் இரவு தூங்கவிடாமல் செய்தது, சலிப்பூட்டும் வேலையைச் செய்தவர் தமக்காகக் கண்டுகொண்ட சிறு களிப்பு.

நடவு வயலில் பாட்டு, சுமை இழுக்கையில் பாட்டு, வலை இழுக்கையில் பாட்டு. வீட்டுக்குள்ளும் இதே கதைதான். வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. அதன்மீது புள்ளி வைத்துக் கோலம் இடுவது யாரும் கூலி தராத விளையாட்டு. நேற்றுப் போட்ட கோலத்தை இன்று போடமாட்டாள் எங்கள் தெருப் பெண். சிக்குக் கோலத்தின் கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து சேரும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். அந்த நிறைவோடுதான் அவள் அடுப்படிக்குப் போகிறாள். பழைய கோயில் மண்டபங்களின் கல் தரைகளிலும் பாறைகளிலும் ஆடுபுலிக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆடி ஓய்ந்தவர்கள் போய்விட்டார்கள், கட்டங்கள் இருக்கின்றன.

இவற்றிலெல்லாம் ஒரு பொது இயல்பு உண்டு. வேலையிலிருந்து தப்பி ஓடுவதற்காக இவை தோன்றவில்லை. வேலையின் தாளத்தையும் எண்ணையும் பொருளையும் எடுத்துக்கொண்டே இவை தோன்றின. வாஷரை ஆடாகவும் நட்டைப் புலியாகவும் கண்டவன், அவற்றை வெறுத்தவனாக இருக்க முடியாது.

மறைநூலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. தொடக்க நூலின்படி, மனிதன் பாவம் செய்யுமுன்பே தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலை அவனுக்குத் தரப்பட்டது. வேலை சாபம் அன்று. பாவத்தின் பின் வந்தவை வியர்வையும் முள்ளும். உலகைப் படைக்கும் வேலை நடந்தபோது ஞானம் கடவுளின் அருகிருந்து அவர் முன்னிலையில் களித்திருந்தது என்கிறது நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரம். படைப்பும் களிப்பும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சீராக்கின் ஞானநூலின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தை எங்கள் ஊர் உலைக்காரர்கள் படித்தால் தங்களைப் பற்றியதென்றே நினைப்பார்கள். பட்டடையருகே அமர்ந்து உலையின் வெப்பத்தோடு போராடும் கொல்லனையும், சக்கரத்தைக் காலால் சுழற்றும் குயவனையும் அது காட்டுகிறது. இவர்கள் ஆலோசனை மன்றங்களில் அமர்வதில்லை. ஆனால் இவர்களே உலகின் அமைப்பைத் தாங்கி நிற்கிறார்கள், இவர்களுடைய வேண்டுதல் இவர்கள் தொழிலிலேயே இருக்கிறது என்பது அந்நூலாசிரியரின் முடிவு.

வில்லும் நாணும்

அப்படியானால் எல்லா விளையாட்டும் நல்லதா? இக்கேள்வியைத் திருச்சபையின் பெரியோர்கள் கேட்காமல் விடவில்லை.

வனத்து அந்தோணியார் உடன்துறவியரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ட வேடன் ஒருவன் மனம் புண்பட்டானாம். தவசிக்கு இது தகுமா என்று நினைத்தான். அந்தோணியார் அவனிடம், வில்லில் அம்பு பூட்டி இழுக்கச் சொன்னார். இழுத்தான். இன்னும் இழு என்றார். இழுத்தான். இன்னும் என்றார். அளவுக்கு மீறி இழுத்தால் வில் முறிந்துவிடுமே என்றான் வேடன். உடன்துறவியர் நிலையும் அதுவே என்றார் அவர். இதே கருத்தைப் புனித யோவானோடு இணைத்துச் சொல்லும் மரபும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், விளையாட்டில் புண்ணியம் இருக்க முடியுமா என்று தம் இறையியல் தொகுப்பில் வினா எழுப்பி, யோவானைப் பற்றிய இந்தக் கதையையே சான்றாகக் காட்டினார். உடல் களைப்பதுபோல் ஆன்மாவும் களைக்கும். உடலின் களைப்புக்கு ஓய்வு மருந்தாவதுபோல், ஆன்மாவின் களைப்புக்குக் களிப்பு மருந்து என்பது அவர் விடை. அதோடு அவர் நிற்கவில்லை. தானும் களிக்காமல், பிறர் களிப்பதையும் பொறுக்காமல், சூழ இருப்போர்க்குச் சுமையாக இருப்பதும் குற்றமே என்றார். அந்த இடத்தைப் படித்தபோது என் பெயரை யாரோ வாசித்ததுபோல் இருந்தது.

களிப்புக்கு அவர் மூன்று வரம்புகளைக் காட்டுகிறார். அது இழிவானதாகவோ தீங்கு தருவதாகவோ இருக்கலாகாது. மனத்தின் நிதானம் முற்றிலும் குலைந்துவிடக் கூடாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் அது ஏற்றதாக இருக்கவேண்டும்.

இந்த மூன்றாம் வரம்பைத் தொழிற்சாலைக்காரர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். அந்த இளைஞன் அச்சு அழுத்தும் இயந்திரத்தின் முன்னின்று ஆடியிருந்தால், நான் தடுத்தது சரியே. பிரெஸ் என்று நாங்கள் சொல்லும் அந்த இயந்திரத்தின் முன் ஒரு கணம் கவனம் பிசகினால் விரல் போய்விடும். உருகிய இரும்பு ஊற்றும் இடத்தில் வேடிக்கை கூடாது. ஆனால் அவன் இருந்தது மேசையருகே. அவன் கையில் இருந்தது ஓர் அளவுகோல். இந்த வேறுபாட்டைக் காண எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிட அக்கறை என்னிடம் இல்லை.

களிம்பு தடவினால் போதுமா?

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொழிலாளி தனக்கென்று ஒரு விளையாட்டைக் கண்டுகொள்கிறான் என்பதால் அவன் வேலை எப்படி இருந்தாலும் சரி என்று முதலாளி சொல்லிவிடக் கூடாது. புண்ணுக்குக் களிம்பு தடவலாம். புண்ணை உண்டாக்குகிறவனுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

சிமோன் வெய்ல் என்னும் பிரெஞ்சுச் சிந்தனையாளர், மெய்யியல் ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, 1934 டிசம்பர் முதல் 1935 ஆகஸ்டுவரை, இடைவெளிகளோடு, பாரிஸ் பகுதியின் மூன்று தொழிற்சாலைகளில் கூலித் தொழிலாளியாக வேலை செய்தார். நாள்தோறும் எத்தனை உருப்படி செய்தார், எத்தனை வீணாயின, எவ்வளவு கூலி கிடைத்தது என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவர் கண்டறிந்த உண்மை நம்மை நடுங்க வைக்கும். களைப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் சிந்திப்பதையே விட்டுவிடத் தோன்றுகிறது. துன்பத்தை உணராமலிருக்க அதுவே வழியாகிறது. சனி மாலையிலும் ஞாயிறன்றும்தான் எண்ணங்கள் சிறிதளவு திரும்பி வருகின்றன என்று அவர் குறித்தார். அந்நிலையில் இருப்பவனுக்குக் கட்டம் வரையும் தெம்புகூட இருக்காது. சிறு களிப்புக்கே சிறிது ஓய்வு முதலீடாகத் தேவைப்படுகிறது.

அந்த ஓய்வும் தானாக வந்ததன்று. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளுள் ஒன்று, மதிய உணவுக்கான இடைவேளை போதவில்லை என்பது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் இடையே அரைமணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்தது. கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே பணிபுரிவோர்க்கு அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டமியற்றியது 2021-இல்தான். 2023 ஏப்ரலில், வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. மனிதனுக்காகவே வேலை, வேலைக்காக மனிதன் அன்று என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். கேட்பதற்கு எளிது. ஒவ்வோர் அரைமணி நேரமும் எவ்வளவு போராட்டத்தின் பின் கிடைத்தது என்பதை நினைத்தால் அதன் எடை தெரியும்.

மற்றோர் ஐயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று அதே மின்சார ரயிலில் எப்போதாவது போகிறேன். துண்டு விரித்துச் சீட்டாடும் நால்வரைக் காண்பது அரிதாகிவிட்டது. அவரவர் கையில் கைப்பேசி. கட்டைவிரல் மேலும் கீழும் நகர்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வீட்டைவிட்டு இருப்பவர் பத்து நிமிடம் எதையோ பார்த்துச் சிரித்தால் அதைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. என் கட்டைவிரலும் இப்போது அதே வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் என்னிடமே நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இது முடிந்ததும் நான் இருக்கும் இடத்துக்குத் திரும்புகிறேனா, இன்னும் விலகிப் போகிறேனா? ஓர் அறையில் அமைதியாக இருக்கத் தெரியாமையே மனிதனின் துன்பங்களுக்குக் காரணம் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கருதினார். ஆடுபுலிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அவன் அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்க வேண்டும். அவன் பெட்டி நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அதில் அக்கறைக்கு இடம் இருந்தது. அக்கறையை வளர்க்கும் களிப்பு அக்கேதியாவுக்கு மருந்து. அக்கறையை மழுங்கச் செய்யும் களிப்பு அக்கேதியாவின் மற்றொரு முகம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே இருப்பவனுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

ஏழாவது பாவம்

அந்தக் கட்டத்தை அழிக்குமுன் ஒரு கணம் அதைப் பார்த்தேன். அது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆடுகள் இரண்டு புலிகளை அடைத்துவிட்டிருந்தன. மூன்றாம் புலிக்கு ஒரே ஒரு வழி மிச்சம். இன்னும் இரண்டு மூன்று பெட்டிகளில் முடிவு தெரிந்திருக்கும். விடியும்வரை அவ்விரு மேசைகளிலும் தூக்கத்தைத் துரத்த அது போதுமானதாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து, ஏதோ உறுத்த, ஒப்பந்தக்காரரிடம் அவனைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பையன் சார்?" என்றார் அவர். நூறு பேரை அனுப்புகிறவருக்கு நினைவில்லை. நான் விவரம் சொல்ல முயன்றேன். மேசை சொன்னேன், ஷிப்டு சொன்னேன். வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் என் கண்முன் வேலை செய்தவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் மேசையின் எண் ஒன்றுதான்.

அந்தத் தவக்காலத் தியானத்தின் முடிவில், பாவசங்கீர்த்தனத்தில் முதல்முறையாக ஏழாவது பாவத்தைச் சொன்னேன். குருவானவர் பொறுமையாகக் கேட்டார். நடந்ததைத் திருத்த வழியில்லை என்பதால், ஒரு வாரம் நாள்தோறும் அந்த இளைஞனைப் பெயர் சொல்லி மன்றாடும்படி பரிகாரம் தந்தார். பெயர் தெரியாது என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "அப்படியானால் கேட்டு வைத்துக்கொள்ளாத எல்லாப் பெயர்களுக்காகவும் மன்றாடுங்கள்" என்றார்.

ஒரு வாரப் பரிகாரம் அது. இன்னும் முடித்தபாடில்லை.

இதை வாசிப்போருள் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர்கள் இருக்கலாம். வீட்டில் ஒருவரை வேலைக்கு வைத்திருப்போர் இருக்கலாம். நாள் முழுதும் ஒரே வேலையைச் செய்து சலித்துப்போன தாய்மார்களும் எழுத்தர்களும் இருக்கலாம். உங்கள் வேலைக்குள் ஒரு சிறு களிப்பை நீங்கள் கண்டுகொண்டிருந்தால், அதற்காக வெட்கப்படாதீர்கள். அடுத்தவர் கண்டுகொண்டதைக் காண நேர்ந்தால், துணியை எடுக்குமுன் சற்று நின்று பாருங்கள். ஆடு யாருடையது, புலி யாருடையது என்று கேளுங்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.